வழியில் கிடைத்த சோறு

பிரயாணத்தில் சாப்பிட்ட இடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நான் அவற்றை விடாமல் படிக்கிறவன். எந்த ஊரில் பரோட்டா, எந்தச் சாலைத் திருப்பத்தில் மீன் குழம்பு, எந்தக் கடையில் எத்தனை மணிக்குள் போனால் பிரியாணி கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் படித்து முடித்ததும் ஓர் ஏமாற்றம் மிஞ்சுகிறது. 'அபாரம்', 'அமிர்தம்', 'வாயில் வைத்தால் கரைகிறது' என்ற மூன்று வார்த்தைகளுக்குள் மதுரையும் அடங்கிவிடுகிறது, மாமல்லபுரமும் அடங்கிவிடுகிறது. சாப்பிட்டவருக்கு எவ்வளவு பசி இருந்தது, யார் பரிமாறினார்கள், அந்தச் சோறு அந்த ஊரில் ஏன் கிடைக்கிறது, அடுத்த ஊரில் ஏன் கிடைப்பதில்லை என்பதெல்லாம் எழுதியவருக்குத் தோன்றியதாகவே தெரிவதில்லை.

இந்தக் குறையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பத்துப்பாட்டு ஞாபகம் வரும். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். வழிப்போக்கன் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் இன்று வரை யாரும் மிஞ்ச முடியாத எழுத்து ஆற்றுப்படைதான் என்பது என் கட்சி. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றினார். அது முதல் நமது வகுப்பறைகளில் ஆற்றுப்படை என்றால் வள்ளலின் புகழ் என்றே சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். முருகனைப் பாடும் பாட்டை விட்டுவிட்டால், மற்ற நான்கிலும் வழியின் முடிவில் ஓர் அரசன் உட்கார்ந்துதான் இருக்கிறான். ஆனால் முடிவைப் பற்றியே பேசிப் பேசி வழியை மறந்துவிட்டோம்.

ஆற்றுப்படை என்பது என்ன? பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒரு பாணன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு பாணனைப் பார்க்கிறான். 'இப்படிப் போ. இன்ன ஊர் வரும். அங்கே இன்னார் இருப்பார்கள். இன்னது கிடைக்கும்' என்று வழி சொல்லுகிறான். அவ்வளவுதான். பிரயாணக் கைப்புத்தகம் செய்கிற அதே காரியம். ஆனால் சொல்லுகிறவன் அந்தச் சாலையில் நடந்தவன், அந்தச் சோற்றைத் தின்றவன். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டினி கிடந்தவன்.

சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுவோம். 269 அடிகள், பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டில் வரும் சாலை இன்றைய திண்டிவனம் வட்டாரத்துச் சாலை. அரசன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன், கிடங்கில் ஊருக்குத் தலைவன். அந்தக் கிடங்கில்தான் இன்று திண்டிவனத்தை ஒட்டியிருக்கிற கிடங்கல். கடற்கரையில் வருகிற எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகும் ஊர் அது.

அங்கே பாணனுக்கு என்ன கிடைக்கிறது? வடித்து ஆறப்போட்ட பழைய கள்ளும், சுட்ட குழல் மீனும். மீனைச் சொல்லுவதற்கு முன் கவிஞர் விறகைச் சொல்லுகிறார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரம், ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலக் கரையில் கிடக்கிறதாம். அதை எடுத்துத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். வேறு எந்த ஊரிலும் அந்த மீனை அந்த விறகில் சுட முடியாது. கடல் மீனையும் கொடுத்து, விறகையும் கொடுத்திருக்கிறது. ஓர் ஊரின் சாப்பாட்டை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது வேலூர். கோட்டை இருக்கும் வேலூர் அல்ல, இந்த ஓய்மாநாட்டு வேலூர். அங்கே வேட்டுவப் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சுடுசோறும், ஆமான் இறைச்சிச் சூடும் கொடுக்கிறார்கள். அதற்கு அடுத்து ஆமூர். வயல் வந்துவிட்டது. உலக்கையின் இரும்புப் பூண் தேயத் தேயக் குற்றிய அரிசிச் சோறு, கூடவே நண்டுக் கலவை. நண்டு கடலிலிருந்து வந்ததல்ல, வயல் நண்டு. நெல் விளைகிற சேற்றிலேயே குழம்புக்கு வேண்டியதும் கிடைத்துவிடுகிறது. அந்த உழவன் வீட்டுப் பெண், வழியே போகிறவர்களைத் தன் பிள்ளைகளை விட்டுத் தடுத்து நிறுத்திச் சாப்பிட வைக்கிறாள் என்று உரைகாரர் பொருள் கொள்ளுகிறார். இன்றைக்கும் நெடுஞ்சாலை ஓட்டல்களின் வாசலில் ஆள் நின்று தடுக்கத்தான் செய்கிறான். காக்கி உடுப்பு, கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில். பிள்ளைகளை அனுப்பிய இடத்தில் விசில் வந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் நமது சாலைகளின் சரித்திரம்.

கடைசியாக அரண்மனை. இங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கை தென்பட்டது. நல்லியக்கோடன் மாளிகையில் பாணன் என்ன சாப்பிட்டான்? பாட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும் ஒரு கறியின் பெயர்கூட அகப்படாது. வீமசேனன் எழுதிவைத்த சமையல் நூலிலிருந்து வழுவாமல் ஆக்கிய பலவகை உணவு என்கிறார் கவிஞர். பரிமாறிய பொற்கலம், கோள்கள் சூழ்ந்த இளஞ்சூரியனையே பழிக்கிறது என்கிறார். அதோடு சரி. குடிசையில் சோற்றைப் பார்த்த கவிஞர் அரண்மனையில் தட்டைப் பார்க்கிறார். கடற்கரையில் மீனின் பெயர் தெரிந்தது, வயற்காட்டில் உலக்கையின் பூண்கூடக் கண்ணில் பட்டது. அரசன் வீட்டுக்கு வந்ததும் புராணமும் வானமும்தான் கைகொடுக்கின்றன.

இது கவிஞரின் அசதியா, சாமர்த்தியமா? வள்ளல் வீட்டு விருந்தை வியக்காமல் இருக்க முடியாது, அதனால் வியந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. அரண்மனைக்கு எல்லாத் திசையிலிருந்தும் எல்லாம் வந்துவிடுகிறது. எல்லாம் வந்துவிட்டால் அந்த இடத்துக்கென்று ஒன்றும் இருப்பதில்லை. இன்று நாலுவழிச் சாலையில் கண்ணாடிச் சுவர் போட்ட ஓட்டலில் உட்கார்ந்து, அட்டையைப் பிரித்து, இட்லியிலிருந்து நூடுல்ஸ் வரை இருநூறு பெயர்களைப் படிக்கும்போது எனக்கு அந்த வீமசேனன் புத்தகம்தான் நினைவு வருகிறது. பலவகை உணவு, நூலிலிருந்து வழுவாதது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் எந்த ஊரில் சாப்பிட்டோம் என்று ஞாபகம் இருக்காது.

ஆனால் நத்தத்தனார் அரசனை அப்படியே விட்டுவிடவில்லை. நல்லியக்கோடன் தானே நின்று ஊட்டினான் என்று ஒரு வார்த்தை சொல்லி விருந்தைக் காப்பாற்றிவிடுகிறார். தட்டு பொன்னாக இருந்தது பெரிதல்ல. கொடுத்தவன் நின்றுகொண்டிருந்தான், தின்றவன் உட்கார்ந்திருந்தான். மீனவன் குடிசைக்கும் மன்னன் மாளிகைக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

இனிப் பாட்டின் நடுவே, வழி தொடங்குவதற்கு முன்னால் வருகிற ஓர் அடுக்களைக்குப் போவோம். அது வழி சொல்லுகிற பாணனின் பழைய வீடு. குட்டி போட்ட நாய் ஒன்று, கண் திறக்காத குட்டிகள் வற்றிய மடியை இழுக்கிற வேதனை தாங்காமல் குரைக்கிறது. சுவரைக் கறையான் தின்றிருக்கிறது. அடுப்பங்கரையில் காளான் பூத்திருக்கிறது. பசியால் ஒடுங்கிப்போன அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். சுற்றத்தார் எல்லோரும் அதைச் சேர்ந்து தின்பதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்கிறாள். வறுமை இன்னதென்று தெரியாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டு வாசற்கதவைச் சாத்துகிறாள்.

பாட்டின் ஒரு கோடியில் சாத்திய கதவு. இன்னொரு கோடியில், பொருநர், புலவர், அந்தணர் யார் வந்தாலும் அடைக்காத நல்லியக்கோடனின் வாசல். இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் பாட்டின் உண்மையான சாலை. அந்தப் பெண் கதவைச் சாத்தியதைப் படித்த பிறகு எயிற்பட்டினத்து மீன் வேறு ருசியாக இருக்கிறது. இன்றைய சாப்பாட்டுக் கட்டுரைகளில் எனக்குக் கிடைக்காதது இதுதான். அவற்றில் பசி இல்லை. பசி இல்லாதவன் எழுதுகிற ருசியை நான் எப்படி நம்புவது?

பசி இருந்தால் மட்டும் போதுமா என்றால், அளவும் தெரிய வேண்டும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டில் சாப்பிட்ட பொருநன் சொல்லுவதைப் பாருங்கள். இரவும் பகலும் இறைச்சி தின்று தின்று, புன்செய் உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிவிட்டதாம். சலித்துப்போய் ஊருக்குப் போகிறேன் என்று விடை கேட்கிறான். விருந்தைப் புகழ்வதிலேயே அதன் அலுப்பையும் சொல்லிவிடுகிற இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்? மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. செங்கத்து நன்னனைத் தேடிப் போகிற கூத்தருக்குத் தினைச்சோறும் மூங்கிலரிசியும் கிடைக்கும் இடங்களைச் சொல்லும் அதே வாய், பன்றிக்குப் பறித்த குழி எங்கே, வழுக்குப் பாறை எங்கே, தினைப்புனம் காப்பவர்களின் கவண்கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றும் எச்சரிக்கிறது. அந்தச் சிற்றூர்களில் வாசலில் நின்று தயங்காதே, உன் வீட்டுக்குள் போவதுபோலப் போ என்றும் சொல்லுகிறது. நல்ல வழிகாட்டி நல்லதை மட்டும் சொல்ல மாட்டான்.

இதெல்லாம் பழம்பெருமை, அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லப் போகிறேன் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் பெரும்பாணாற்றுப்படையைச் சிபாரிசு செய்கிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள். காஞ்சி இளந்திரையனிடம் போகிற வழி. இதில் வரும் சாப்பாட்டு இடங்கள் சிறுபாணில் வருவதைவிட அதிகம், விசித்திரமும் அதிகம். எயினர் குடிசையில், பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பைத் தோண்டி எடுத்த புல்லரிசியைத் தரையில் குழித்த உரலில் குற்றி, உவர்க் கிணற்றுத் தண்ணீரில், வாய் உடைந்த பானையில் சமைக்கிறார்கள். உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் அது கிடைக்கும். அடுத்து, நாய் பிடித்துத் தந்த உடும்பு வறுவலோடு செந்நெல் சோறு. இடையர் குடியில் பாலோடு தினைச்சோறு. மருத நிலத்தில் வெண்சோறும் கோழியும். ஆலைக் கொட்டகையில் கரும்புச் சாறு. தோட்டக்காரர்கள் வீட்டில் பலாவும் இளநீரும் நுங்கும்.

அப்புறம் மறையோர் வாழும் ஊர். அங்கே அரிசிச் சோறு, வெண்ணெயில் வெந்த மாதுளம்பிஞ்சு, மிளகு, கறிவேப்பிலை, மாவடு. இன்றும் நாக்கில் நீர் ஊறச் செய்கிற பட்டியல். ஆனால் நான் அந்த இடத்தில் நின்றுவிட்டது மாவடுவுக்காக அல்ல. அங்கே அதைப் பெறப் போகிறவன் பாணன். உடும்பு வறுவல் தின்ற அதே பாணன், தன் கூட்டத்தோடு. கவிஞர் இதை ஆச்சரியமாகச் சொல்லவில்லை. அந்த ஊரும் சாலையில் ஓர் ஊர், அங்கேயும் இன்னது கிடைக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

பின்னால் என்ன ஆயிற்று? அதே பாணர் குலத்தில் வந்த திருப்பாணாழ்வாரைப் பற்றிய கதையில், அவர் திருவரங்கத்துக்குள் கால் வைக்காமல் காவிரிக் கரையில் நின்று பாடுகிறார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர், விலகச் சொல்லிக் கல்லெறிகிறார். பிறகு இறைவன் கட்டளையால் அவரே தோளில் சுமந்துகொண்டு உள்ளே போகிறார். கதை சுபமாகத்தான் முடிகிறது. ஆனால் ஒரு பாட்டில் மாதுளம்பிஞ்சும் மாவடுவும் பெற்றவனுக்கு இன்னொரு காலத்தின் கதையில் உள்ளே போக ஓர் அற்புதம் தேவைப்பட்டிருக்கிறது. நடுவே எங்கேயோ சாலை துண்டுபட்டிருக்கிறது.

சத்திரங்களை நான் மறக்கவில்லை. தஞ்சை மராட்டிய அரசர்கள் இராமேசுவரம் போகிற சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி காலத்து முத்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இன்றும் நிற்கிறது. ஆயிரக்கணக்கான வழிப்போக்கர்களுக்கு அவை சோறு போட்டன. பெரிய தர்மம், சந்தேகமில்லை. ஆனால் நாடு முழுவதும் சத்திரங்களில் பந்தி வேறு, அடுப்பு வேறு, வாசல் வேறு என்ற ஏற்பாடும் கூடவே இருந்தது. தர்மம் கதவைத் திறந்தது. ஜாதி எந்தக் கதவு என்று கேட்டது.

இந்த இடத்தில் நான் ஓட்டல்காரனுக்காக வாதாட விரும்புகிறேன். காசுக்குச் சோறு விற்பது கேவலம் என்று நமது முன்னோர் நினைத்தார்கள். இன்றும் அந்தக் காலத்து விருந்தோம்பலைச் சொல்லி இந்தக் காலத்து ஓட்டலைப் பழிப்பவர்கள் உண்டு. ஆனால் காசு ஒரு நல்ல காரியம் செய்தது. சாப்பிடுகிறவன் யாரையும் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. யாழ் வேண்டாம், வணக்கம் வேண்டாம்; நாணயத்தை வைத்தால் இலை விழும். அப்படியும் அந்த நாணயத்துக்கு முதலில் ஜாதி கேட்கத்தான் செய்தார்கள். ஓட்டல்களில் பிராமணர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருந்ததும், அதை எதிர்த்துப் பெரியார் இயக்கம் போராடியதும் வெகு தூரத்துச் செய்திகள் அல்ல. 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், 15ஆம் ஷரத்தில், கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஓட்டல்களிலும் ஜாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்று பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. ஒரு தேசம் தன் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலைப் பற்றிப் பேசியிருக்கிறது என்றால், வழியில் சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் டீக்கடைகளில் இரட்டைத் தம்ளர் என்ற செய்தி வந்துகொண்டேதான் இருந்தது.

ஆகவே வழியில் சாப்பிடுகிற இடத்தை நான் ருசியை மட்டும் வைத்து மதிப்பிடுவதில்லை. அந்த மண்ணில் விளைந்தது இலையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பரிமாறுகிறவர் யார், எப்படி நிற்கிறார் என்று பார்க்கிறேன். கடைசியாக, அங்கே வருகிற ஏழை எந்த முகத்தோடு உட்காருகிறான் என்று பார்க்கிறேன். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டி, பித்தளை டபராவும் தம்ளரும் அடுக்கிய கடைகளை எல்லா நெடுஞ்சாலைகளிலும் பார்க்கிறோம். காபி நன்றாகவே இருக்கிறது, நானும் குடிக்கிறேன். பஸ் நிற்கிற மோட்டல்களில், வேறு கடை இல்லாத இருட்டில், சொன்ன விலையைக் கொடுத்து ஆறிப்போன தோசையையும் தின்றிருக்கிறேன். அங்கே கையில் பத்து ரூபாயோடு இறங்குகிறவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுவதையும் பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்ட அந்தப் பெண்ணின் வம்சம் அது.

போன சித்திரையில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் நின்றேன். பாணன் போன வழியை எதிர்த்திசையில் பார்த்துவிட வேண்டும் என்ற அசட்டு ஆசைதான் காரணம். புளியமர நிழல். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கொஞ்சம் கருவாடு. விற்றவள் அறுபது வயசுக்காரி. எனக்குப் பக்கத்தில் ஒரு லாரிக் கிளீனர் பையன் குடித்துக்கொண்டிருந்தான். சொம்பு காலியானதும் அதைக் கீழே வைக்காமல், சட்டைப் பையில் விரலை விட்டுச் சில்லறையைத் தடவிப் பார்த்தான். வெளியே எடுக்கவில்லை.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாய்யா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அவன் சொம்பில் ஊற்றினாள். ஊற்றி முடிகிற வரைக்கும் அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. பிறகு எனக்கும் ஊற்றினாள். காசு கொடுத்தபோது என்னிடம் இரண்டு சொம்புக்கு வாங்கிக்கொண்டாள். அவனிடம் ஒன்றுக்குத்தான் வாங்கினாள்.

கூழ் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். மரக்காணத்துப் பக்கம், உப்புக்கு என்ன பஞ்சம்?